திரை கழற்றிய வண்டி

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. கறுப்பு வண்டி, நீளமானது. பின்னால் இரட்டைக் கதவு, பக்கவாட்டுக் கண்ணாடிகளில் சாம்பல் நிறத் திரை. திரையை மாட்டினால் சவ வண்டி. கழற்றிவிட்டுக் கூரைமேல் சிவப்பு விளக்கை வைத்தால் ஆம்புலன்ஸ். அலபாமாவில் எங்கள் ஆற்றங்கரைப் பக்கம் கறுப்பு ஜனங்களை ஏற்ற வேறு ஆம்புலன்ஸ் கிடையாது. வெள்ளைக்காரர்களின் ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வந்தால் பாதை தப்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பிணம் எடுக்கிற டாலிவர்தான் நோயாளிக்கும் வண்டிக்காரன்.

இதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. என் வண்டி தெருமுனையில் திரும்பினால் ஜனங்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியைத்தான். திரை இருந்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். இல்லாவிட்டால், யாருக்கு என்ன, பிரசவமா, மரமில்லில் கை போச்சா என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வருவார்கள். நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. அப்படிப் பேசியவர்களில் ஒருவன் ஆமோஸ் குரோவல். "டாலிவர் அண்ணே, உங்க வண்டில நான் ஏறப் போறது ஒருதடவைதான். அதுக்கு இப்பவே ஏன் சிரிச்சுப் பேசி ஆள் புடிக்கிறீங்க?" என்பான். மரமில்லில் பலகை அடுக்குகிறவன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான்.

பலகை அடுக்கப் பிறந்தவன் இல்லை அவன். இரண்டாம் உலகச் சண்டையின்போது இத்தாலியில் எங்கள் டாக்டர் ரூஃபஸ் யான்சி ஓட்டிய விமானத்துக்கு ஆமோஸ்தான் மெக்கானிக். கறுப்பு விமானிகளைத் தனிப் படையாக ஒதுக்கி வைத்திருந்த காலம். நாவிதர் யான்சியின் மகன் ரூஃபஸ் அதில் ஒருவன். ஊருக்குத் திரும்பி வந்ததும், பிரயாணி விமானம் ஓட்டலாம் என்று ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினான். விமானம் கழுவுகிற வேலைக்கு வேண்டுமானால் வா என்றார்கள். ஒரு வருடம் வீட்டுக்குள் சுருண்டு படுத்துக் கிடந்துவிட்டு, பட்டாளத்து உதவிப் பணத்தில் எங்கள் ஆட்களுக்கான மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தான். டாக்டராகி வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் பேச்சை நம்பித்தான் ஆமோஸும் எங்கள் ஊருக்கு வந்தான். மாவட்ட விமானத் திடலில் வேலை கேட்டுப் போனவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மரமில்லுக்கு நடந்தான். ஒடெஸாவைக் கட்டிக்கொண்டான்.

இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் கேட்க நன்றாக இருக்கும்.

"அந்த பிளேன் என்னோடது" என்பான் ஆமோஸ். "இவன் காலையில வந்து இரவல் கேப்பான். போனாப் போகுதுன்னு குடுப்பேன். சாயங்காலம் ஓட்டை போட்டுக் கொண்டாந்து நிறுத்துவான்."

"ஓட்டை போட்டது ஜெர்மன்காரன்டா."

"நீ எதுக்கு லெப்டினன்ட்டு அவன் முன்னாடி போய் நின்னே?"

டாக்டராகி இரண்டு வருடம் கழித்தும் ஆமோஸுக்கு அவன் லெப்டினன்ட்டுதான்.

அந்த வாரம் முழுக்க மழை. மில்லில் பலகை எல்லாம் ஊறிக் கனத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆமோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டான். தொப்புளைச் சுற்றி வலி, பிறகு வலது பக்கம். எங்கள் பக்கத்தில் வயிற்று வலி என்றால் கை தானாக விளக்கெண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். தலைமுறை தலைமுறையாக அப்படி. குழந்தைக்கு ஒரு கரண்டி, பெரியவர்களுக்கு இரண்டு, ஆமோஸ் மாதிரி ஆளுக்கு அரைக் குவளை. ஒடெஸா குறை வைக்கவில்லை. ஆரஞ்சுச் சாற்றில் கலந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். வந்து பார்க்கச் சொல்லி டாக்டருக்கும் ஆள் அனுப்பினாள்.

ராத்திரி முழுக்கத் துடித்திருக்கிறான். சனிக்கிழமை விடிந்தபோது வலி நின்றுவிட்டது. சுவிட்சைத் தட்டி அணைத்த மாதிரி நின்றது என்று அவனே சொன்னானாம். வீட்டில் ஒரே சந்தோஷம். எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று ஒடெஸா அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். கெளுத்தி மீன் பொரித்தாள். அவன் இரண்டு துண்டு சாப்பிட்டு, கொஞ்சம் சோள ரொட்டியும் கடித்திருக்கிறான். நல்லாயிட்டாரு, டாக்டர் சிரமப்பட வேண்டாம் என்று மறுபடி ஆள் போயிற்று. வெள்ளிக்கிழமையிலிருந்தே ரூஃபஸ் ஆற்றின் மேல்பக்கம் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு செய்தியும் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில்தான் கிடைத்தன.

"எப்ப வலி நின்னுச்சாம்?" என்று கேட்டான்.

"நேத்துக் காலைல. பட்டுனு நின்னுடுச்சாம். கர்த்தர் கிருபை" என்றாள் செய்தி கொண்டுவந்த பெண்.

ரூஃபஸின் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் பிரசங்கம் கேட்க உள்ளே வரவில்லை, நேரே ஆமோஸின் வீட்டுக்கு ஓடினான். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் திரும்ப வந்து, ஈரக் கோட்டோடு என் வரிசையில் குனிந்தான்.

"அண்ணே, வண்டியை எடுங்க. திரையைக் கழத்திருங்க."

முந்தின நாள்தான் ஒரு கிழவரை அடக்கம் செய்திருந்தோம். மழையில் கொக்கியெல்லாம் இறுகிப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகும்போது சிலசமயம் திரையைப் பாதி கழற்றிவிட்டு மீதியை ஒதுக்கி விடுவேன். அவசரத்தில் அன்றைக்கும் அப்படித்தான் போய் நின்றேன். அதுதான் ஒடெஸாவின் கண்ணில் பட்டது. வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இதுல ஏத்த மாட்டேன். எங்கப்பா இதுலதான் போனாரு. எம் பொண்ணு, பேரு வைக்கிறதுக்கு முன்னாடி, இதுலதான் போனா. என் வாசலுக்கு வந்த மூணாவது தடவை இது. மூணாவது ஆளைக் குடுக்க மாட்டேன் அண்ணே."

"ஒடெஸா, இது ஆம்புலன்ஸும்மா இப்போ."

"திரை தொங்குதே."

நான் உள்ளே ஏறி ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினேன். நகம் பிய்ந்தது. அவள் நகரவே இல்லை. மழையில் நனைந்துகொண்டு, கடைசிக் கொக்கி வரை எண்ணுகிறவள் போலப் பார்த்தாள். திரைகளைச் சுருட்டி என் இருக்கைக்கு அடியில் திணித்த பிறகுதான் வழிவிட்டாள். அவள்மேல் எனக்கு அப்போது கோபமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், அந்த நாளில் யாராவது ஒருவரால் நினைத்ததைச் செய்ய முடிந்தது என்றால் அது அவள் ஒருத்தியால்தான்.

உள்ளே ஆமோஸ் கட்டிலில் முழங்காலை மடக்கிக் கிடந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. ரூஃபஸ் ஏற்கனவே பென்சிலின் போட்டிருந்தான். ஆமோஸின் வயிற்றில் என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னான், ஏன் என்று தெரியவில்லை. மனித வயிறு மாதிரி இல்லை. மில் பலகை மாதிரி இருந்தது.

"எத்தனை டம்ளர் எண்ணெய்?" என்று ரூஃபஸ் கேட்டான்.

ஒடெஸா கையால் காட்டினாள். அவன் தலையாட்டிக்கொண்டான்.

"லெப்டினன்ட்டு" என்றான் ஆமோஸ். குரல் மெலிந்திருந்தது. "என்ன, இஞ்சின் போச்சா?"

"குடல்வால் வெடிச்சிருச்சு. அதான் வலி பட்டுனு நின்னுருக்கு. உள்ள பரவியிருக்கு. அறுத்துக் கழுவணும்."

"அப்ப அறு. அடுப்படில மேசை இருக்கு. ஒடெஸா தண்ணி கொதிக்க வைப்பா. நீ படிச்ச காலத்துல எத்தனை பேருக்கு அறுத்தே?"

"நிறையப் பேருக்கு."

"பின்ன என்ன?"

ரூஃபஸ் அடுப்படிக்குள் போனான். நானும் போனேன். மேசைமேல் நேற்றைய மீன் தட்டு மூடி வைத்திருந்தது. மேலே ஒரே ஒரு பல்பு. கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. அவன் அந்த மேசையின் நீளத்தைக் கண்ணால் அளந்தான். விரலால் தட்டிப் பார்த்தான்.

"மயக்க மருந்து புடிக்க ஆள் வேணும். ரத்தம் வேணும். குளுக்கோஸ் ஏத்தணும். இங்க வச்சு வயித்தைத் திறந்தா மூட முடியாமப் போயிரும் அண்ணே" என்றான். என்னிடம் சொல்கிறானா, தனக்கே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியவில்லை. "பத்து மைல்ல எல்லாம் இருக்கு. ஆபரேஷன் அறை, விளக்கு, ரத்தம், எல்லாமே."

"அவங்க உன்னை உள்ள விடணுமே."

"என்னை விட வேண்டாம். அவனை விடட்டும்."

எங்கள் ஆட்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி கிழக்கே இருக்கிறது. ஆனால் அந்த வழியில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது மாவட்ட ஆஸ்பத்திரி. அங்கே கீழ்த்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், எங்களுக்கு என்று நான்கு கட்டில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே கத்தி பிடிக்கிற உரிமை வெள்ளை டாக்டர்களுக்கு மட்டும். எங்கள் டாக்டர் தன் நோயாளியைக் கொண்டுபோய் வாசலில் ஒப்படைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

போகும் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆமோஸ் பல்லைக் கடித்தான். ஒடெஸா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். ரூஃபஸ் மண்டியிட்டு நாடியைப் பிடித்தபடியே வந்தான்.

"டாலிவர் அண்ணே" என்றான் ஆமோஸ் பின்னாலிருந்து. "உங்க வண்டில ஒரு வால்வு தட்டுது. கேக்குதா?"

"பேசாமப் படு மனுசா" என்றாள் ஒடெஸா.

"இல்ல, தட்டுது. போனவங்க யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

ரூஃபஸ் சிரித்தான். உடனே முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியின் பின்வாசல் சலவைத் துணி இறக்குகிற மேடையை ஒட்டியது. மணியை அடித்ததும் மிஸ் கால்டர் வந்தாள். அன்றைய பொறுப்பு நர்ஸ். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆமோஸைப் பார்த்ததும் அவளே ஸ்ட்ரெச்சரை இழுத்துவந்தாள். அவனைக் கீழ்த்தளத்துக் கட்டிலில் கிடத்தினார்கள்.

ரூஃபஸ் படபடவென்று சொன்னான். "குடல்வால் வெடிச்சு ஒருநாளைக்கு மேல ஆச்சு மேடம். வயிறு முழுக்கப் பரவியிருக்கு. நாடி ரொம்ப வேகம். உடனே குளுக்கோஸ் ஏத்தணும், ஆபரேஷன் அறையைத் தயார் பண்ணணும்."

"எனக்குப் புரியுது ரூஃபஸ். ஆனா இங்க இருக்கிற டாக்டர் ஒருத்தர் எழுதிக் குடுக்காம நான் ஊசிகூடப் போட முடியாது. உனக்குத் தெரியாததா?"

"டாக்டர் விட்லோவைக் கூப்பிடுங்க."

"அவரு ஞாயித்துக்கிழமையில ஏரிக்கரைக் குடிசைக்கு மீன் புடிக்கப் போயிடுவாரு. அங்க ஃபோன் கிடையாது. ஆளை அனுப்பறேன்."

"அதுவரைக்கும் குளுக்கோஸாவது நான் ஏத்திக்கறேன். உங்க பேரு வராது."

"என் பேரு வரும்" என்றாள் அவள் மெதுவாக. "இங்க நீ டாக்டர் இல்ல. பார்க்க வந்தவன். கட்டில் பக்கத்துல சம்சாரத்தைத் தவிர யாரும் நிக்கக் கூடாது. நீ வெளியில இருக்கணும். என்னை வருத்தப்பட வைக்காதே ரூஃபஸ்."

அவள் வருத்தப்பட்டாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுடைய வருத்தத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

கிளம்புவதற்கு முன் ரூஃபஸ் கட்டிலின் பக்கத்தில் குனிந்தான். ஆமோஸ் அவன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான்.

"வெளியில நிக்கச் சொல்றாங்களா?"

"ஆமா."

"நல்லதுதான். நான் எத்தனை நாள் அந்த ஓடுபாதை ஓரத்துல நின்னிருப்பேன். மத்த பிளேன் எல்லாம் வந்து இறங்கும், என்னோடது வராது. வானத்தையே பாத்துக்கிட்டு நிப்பேன். அடுத்தவன் சோத்துக்குக் கூப்பிட்டாலும் போக மாட்டேன். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. இன்னிக்கு நின்னு பாரு."

"நான் எல்லாத் தடவையும் வந்துட்டேன்ல?"

"வந்தே. ஓட்டையோட வந்தே" என்றான் ஆமோஸ். பொத்தானை விட்டுவிட்டான்.

துணி இறக்குகிற மேடையில், தகரக் கூரையின் கீழ் நாங்கள் இருவரும் நின்றோம். மழை பிடித்துக்கொண்டு பெய்தது. தலைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஆபரேஷன் அறையின் ஜன்னல். யாரோ உள்ளே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளிச்சம், பகல் மாதிரி. ரூஃபஸ் அதையே அண்ணாந்து பார்த்தான்.

"அடுப்படியிலேயே அறுத்திருக்கலாம்" என்றான்.

"நீதானே சொன்னே, மூட முடியாதுன்னு."

"இப்ப மட்டும் என்ன அண்ணே?"

பிணத்தோடு வருகிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஆறுதல் வார்த்தைகள் நிறைய இருக்கின்றன, அதுதான் என் பிழைப்பு. உயிரோடு ஒருவன் உள்ளே கிடக்கும்போது சொல்ல ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவன் பை காலடியில் இருந்தது. கத்தி, கத்திரி, ஊசி, நூல் எல்லாம் அதற்குள் சுத்தமாகக் கிடந்தன. ஒருமுறை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். உள்ளே குரல் உயர்ந்தது. காவல்காரன் அவன் தோளில் கையை வைத்து, கடிந்துகொள்ளாமல், பழைய சினேகிதனைப் போல அழைத்துவந்து மேடையில் விட்டுவிட்டுப் போனான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் டாக்டர் விட்லோ வந்தார். ரப்பர் பூட்ஸ், தொப்பியில் தூண்டில் முள் குத்தியிருந்தது. மனிதர் வேகமாகத்தான் வந்தார். ஓட்டமும் நடையுமாகக் கீழ்த்தளத்துக்குப் போனார், உடனே ஸ்ட்ரெச்சர் மேலே போகிற சத்தம் கேட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே ஓடும்போது ரூஃபஸைக் கடந்துதான் போயிருந்தார்.

"நான் கூட நிக்கட்டுமா டாக்டர்? தசையை விலக்கிக் கொக்கி புடிக்கிறேன். வேற ஒண்ணும் தொட மாட்டேன்."

"நேரமில்ல ரூஃபஸ், விதி உனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நேரமில்லை என்று எங்களிடம் சொன்னார்.

ஒடெஸாவை அவர்கள் மேலே விடவில்லை. அவளும் வந்து மேடையில் எங்களோடு நின்றாள். ஈர உடுப்பு உடம்பிலேயே காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. மூன்று பேரும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிழல்கள் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. ரூஃபஸின் வலது கை அவனுக்குத் தெரியாமலே அசைந்தது. மேலே நடப்பதை அவன் கை கீழே செய்துகொண்டிருந்தது. பிறகு கை நின்றது. நிழல்கள் நின்றதைப் பார்த்துத்தான் நின்றது என்று நினைக்கிறேன். யாரும் இறங்கி வந்து சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

விட்லோ பின்வாசலுக்கு வந்தார். முகம் களைத்திருந்தது. "உள்ளே பூரா சீழ்" என்றார். "இது ஒருநாளா இருந்திருக்கு. நீ டாக்டர்தானே ரூஃபஸ். ஏன் முன்னாடியே கொண்டுவரலை?"

அன்றைக்கு ஒரே ஒரு தடவை அங்கே அவனை டாக்டர் என்றார்கள், குற்றம் சொல்வதற்கு மட்டும்.

ரூஃபஸ் வாயைத் திறந்தான். விளக்கெண்ணெய், நின்றுபோன வலி, பொரித்த மீன், திருப்பி அனுப்பின செய்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒடெஸா நின்றிருந்தாள்.

"எனக்குப் புரியலை டாக்டர்" என்றான். "நான்தான் தப்பாக் கணிச்சிட்டேன்."

விட்லோ அவனை ஒரு கணம் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு, கறுப்பு டாக்டரின் தவறால் ஆள் செத்தான் என்று மாவட்டத்தில் இந்தக் கதை பரவியது எல்லோருக்கும் தெரியும்.

ஒடெஸா வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "ரூஃபஸ். எண்ணெயா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"எண்ணெய் குடுக்கலேன்னாலும் இதான் நடந்திருக்கும்."

அது பொய். வீங்கின குடல்வாலை விளக்கெண்ணெய் வெடிக்க வைக்கும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் நம்பினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆமோஸை வெள்ளைத் துணியில் சுற்றி அதே பின்வாசல் வழியாகக் கொடுத்தார்கள். காவல்காரனும் ரூஃபஸும் நானுமாகத் தூக்கி வைத்தோம். கனமான ஆள். வண்டிக்குள் வைத்ததும் ஒடெஸா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் இருக்கைக்கு அடியில் சுருட்டியிருந்த திரைகள் அவள் காலில் இடறின. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"மாட்டிருங்க. திரையில்லாமப் போனா தெருவுல எல்லாரும் நல்லாயிட்டானான்னு கேட்டுக்கிட்டு ஓடி வருவாங்க. என்னால பதில் சொல்ல முடியாது அண்ணே."

நான் கையை நீட்டுவதற்குள் ரூஃபஸ் வாங்கிக்கொண்டான். பின்னால் ஏறி, ஆமோஸின் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு கொக்கியாக மாட்டினான். மடிப்பை விரலால் நீவி நேராக்கினான். ஒரு கொக்கி வளைந்திருந்ததைப் பையிலிருந்த இடுக்கியை எடுத்து நிமிர்த்தினான். பென்சிலின் ஊசியைத் தவிர, அந்தப் பையிலிருந்து அன்றைக்கு அவன் எடுத்த கருவி அது ஒன்றுதான். யாரும் அவனை நிறுத்தவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

முடித்துவிட்டு அவன் இறங்கவில்லை. கதவைச் சாத்தினேன். சிவப்பு விளக்கைக் கூரையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மழை விட்டிருந்தது. வால்வு தட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.